ஆடியில் திறந்த கதவு

போன வாரம், ஓய்வுபெற்றுவிட்ட என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, "உங்க காலத்துல ரொம்ப நெருக்கடியான நாள் எதுங்க?" என்று கேட்டீர்கள். "உங்க காலத்துல" என்றது எனக்குப் பிடிக்கவில்லை. காபியும் ஆறிப்போயிருந்தது. ஒப்புக்கு ஏதோ சொல்லிவிட்டு, அடையாறில் பஸ்ஸைப் பிடித்து மேற்கு மாம்பலம் வந்து சேர்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகு மனசு கேட்கவில்லை. உங்கள் புதிய தொலைநோக்கி விண்வெளிக்குப் போய்விட்டது, அதன் கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது, எப்போது திறப்பது என்று நீங்கள் எல்லாரும் முழித்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் கதவுக்கு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது. அதனால் எழுதுகிறேன். சூத்திரம், வரைபடம் எதையும் இதில் தேடாதீர்கள். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும், அதை நீங்களே அடிக்கடி சொல்லியும் காட்டுகிறீர்கள்.

உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்று கொஞ்சம் முன்கதை. விண்வெளியிலிருந்து வரும் எக்ஸ்ரே நம் காற்றைத் தாண்டிக் கீழே வராது. அதனால்தான் தொலைநோக்கியையே மேலே அனுப்புகிறோம். கண்ணாடியில் நேராகப் பட்டால் எக்ஸ்ரே உள்ளே புகுந்து தொலைந்துபோகும். குளத்தில் ஓட்டாஞ்சில்லை எறிந்தால் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தத்திக்கொண்டு போகிறதல்லவா, அப்படிச் சாய்வாகப் பட்டால்தான் தெறித்து வரும். அதற்காகத் தங்கம் பூசிய மெல்லிய தகடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினோம். அடுக்கி முடிப்பதற்குள் எங்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. அந்த அடுக்குக்கு முன்னால் ஒரு கதவு. ஒருமுறை திறந்தால் திறந்ததுதான். மறுபடி மூட வழி கிடையாது.

கதவு எதற்கு? புதுசாய்ச் செய்த செயற்கைக்கோளில் இருக்கும் பசை, பெயின்ட், வயர் உறை எல்லாம் வெற்றிடத்துக்குப் போனதும் ஆவி விட ஆரம்பிக்கும். வாரக்கணக்கில் விடும். வடை சுட்ட வீட்டில் மின்விசிறி இறக்கையைத் தடவிப் பாருங்கள், விரல் ஒட்டும். அந்தப் பிசுக்கு எங்கள் தகட்டில் படிந்தால் தொலைநோக்கிக்கு ஆயுசுக்கும் புரை விழுந்த கண்தான். அங்கே துணியோடு யாரை அனுப்பித் துடைக்கச் சொல்வது? ஆவி அடங்கும்வரை கதவு திறக்கக்கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த அவ்வளவுதான் விஷயத்தில் நாங்கள் மூன்று பேர் மாட்டிக்கொண்டோம். முதலாவது, எங்கள் குழுத்தலைவி. பெரிய மேடம் என்போம். சாந்தோம் பக்கம் பழைய கத்தோலிக்கக் குடும்பம், வீட்டில் எங்கே திரும்பினாலும் ஒரு வாத்தியார். இரண்டாவது, பாய். அவர் குடும்பத்துக்குத் தலைமுறையாய் அத்தர் வியாபாரம். வாசனை எதில் ஒட்டும், எவ்வளவு நாள் போகாமல் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு ரத்தத்திலேயே உண்டு. செயற்கைக்கோளில் எவ்வளவு ஆவி படிகிறது என்று காட்டும் மானியைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மூன்றாவது நான். கதவுக்கான கட்டளையை எழுதுகிறவள். எங்கள் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். அவருடைய கல்யாணத்தையே ராகு காலம் பார்த்துத்தான் வைத்துக்கொண்டார்.

பெரிய மேடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் முனைவர் பட்டம் வாங்கியது ஒரே ஒரு கருந்துளையைப் பற்றி. அது பக்கத்து நட்சத்திரத்தை விழுங்கி ஒருமுறை எக்ஸ்ரேயில் கொழுந்துவிட்டு எரிந்து அடங்கியது. அப்புறம் சத்தமே இல்லை. மேடம் அதற்குக் கும்பகர்ணன் என்று பெயர் வைத்திருந்தார். அவன் எழும்போது, எழத் தொடங்கும் அந்த முதல் சில நாட்களைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதை யாரும் சரியாகப் பார்த்ததில்லை. அவன் தூங்கிக்கொண்டேயிருந்தான். மேடத்துக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன.

ஏவி முடித்த கொஞ்ச நாளிலேயே எங்கள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். மயிலாப்பூர்க்காரர், நல்ல மனுஷர், ஆனால் அமைச்சர் என்ற சொல் காதில் விழுந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுந்து நிற்கக்கூடியவர்.

"வர வெள்ளிக்கிழமை மந்திரி வரார். பொத்தானை அமுக்குவார், கதவு தொறக்கணும்" என்றார்.

எங்களிடம் பொத்தான் கிடையாது. கட்டளையை எழுதித் தருவோம், தரைநிலையத்திலிருந்து அது மேலே போகும். அதையெல்லாம் அவர் ஏற்கெனவே சமாளித்திருந்தார். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையிலிருந்து சப்பாத்தி அளவில் ஒரு சிவப்புப் பொத்தான் வந்து மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. அமுக்கினால் ஒரு பச்சை விளக்கு எரியும். வேறு எதையும் செய்யாது.

"அப்ப பொத்தானை மட்டும் அமுக்கட்டுமே சார்" என்றேன்.

"நன்னாயிருக்கே! தொறந்து என்ன பாத்தேள்னு பத்திரிகைக்காரா கேப்பாளே, என்னத்தைக் காட்டறது?"

பெரிய மேடம் நாற்பது படம் போட்டு விளக்கினார். பசை, ஆவி, தகடு, பிசுக்கு. இயக்குநர் தலையாட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் ஆட்டினார். கடைசிப் படம் முடிந்து விளக்கைப் போட்டதும், "ரொம்ப நன்னா விளக்கினேள். சரி, வெள்ளிக்கிழமை தொறந்துடலாம்" என்றார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. பாய் மெதுவாக, "இன்னும் ஆவி போய்க்கினே கீது சார்" என்றார். யார் காதில் விழுந்தது?

அப்போதுதான் அது நடந்தது. இயக்குநரின் மேஜைமேல் அன்றைய நாளிதழ் கிடந்தது. முதல் பக்கம் முழுக்கத் தி.நகர் ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம், மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. மேடத்தின் கண் அதில் நிலைத்து நின்றது. புடவை பார்க்கிற நேரமா இது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

"சார், வெள்ளிக்கிழமைன்னா ஆடி பொறந்துடுதே. ஆடியில புதுசா ஒண்ணைத் தொடங்கலாமா?" என்றார்.

இயக்குநர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, ஆமாம்! எப்படி மறந்தேன்? ஆடியில கூடவே கூடாது. ஆவணி பொறக்கட்டும். நானே மந்திரி ஆபீஸ்ல சொல்லிடறேன்."

நாற்பது படத்தில் ஆகாதது ஒரு புடவை விளம்பரத்தில் ஆகிவிட்டது. வெளியே வந்து மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஆடியைப் பற்றி மேடத்துக்குத் தெரிந்ததெல்லாம் தள்ளுபடி மட்டும்தான். பாய்க்கும் அப்படியே. எனக்கோ அதில் எதையும் தெரிந்துகொள்ளக்கூடாது என்பதே வளர்ப்பு. செயற்கைக்கோள் அடுத்த மாதம் எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று சொல்லிவிடுவோம், ஆடி எப்போது முடியும் என்று கேன்டீனில் போய் நாட்காட்டியைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டோம். சாயங்காலம் மயிலாப்பூர் போய் மேடம் செலவில் ரோஸ் மில்க் குடித்தோம்.

"பொய் சொல்லிட்டனோ?" என்று மேடத்துக்கு ஒரு உறுத்தல்.

"இன்னா மேடம் பொய்யி? கேள்விதானே கேட்டீங்க. கேள்வி கேட்டா தப்பா?" என்று பாய் தேற்றினார்.

அடுத்த நாளிலிருந்து வெயிலில் வடகம் காயப்போடுவதைப்போல் செயற்கைக்கோளைத் திருப்பித் திருப்பிச் சூரியனுக்குக் காட்டினோம். சூட்டில் ஆவி சீக்கிரம் வெளியேறும் என்பது பாயின் யோசனை. நன்றாகவே வேலை செய்தது. நாங்கள் நினைத்ததற்கு ரொம்ப முன்னாலேயே மானியில் கோடு படுத்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை பாய் வந்து, "சுத்தமாயிட்ச்சி மேடம். இப்ப தொறந்தாலும் ஒண்ணும் ஆவாது" என்றார். ஆவணிக்கு இன்னும் நாள் கிடக்கிறது, அவசரம் என்ன என்று நாங்கள் நிம்மதியாய் இட்லி சாப்பிட்டோம்.

இட்லி முடிவதற்குள் மேடத்தின் கைப்பேசி அடித்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு நண்பர். கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் வெளிறிப்போய், போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"மாதாவே! கும்பகர்ணன் எழுந்திரிக்கிறான்டி."

வேறொரு செயற்கைக்கோளின் காவல் கருவி லேசான வெளிச்சத்தைக் கண்டிருந்தது. இப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கிறது. கொஞ்ச நாளில் சூரியன் அந்தத் திசைக்கு நெருங்கிவிடும். அப்புறம் எந்தத் தொலைநோக்கியும் அந்தப் பக்கம் திரும்ப முடியாது. ஆவணி பிறக்கும்போது அவன் எழுந்து, சாப்பிட்டு, ஏப்பம்விட்டு மறுபடி படுத்திருப்பான். மேடம் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த நாட்கள் இவைதான். கண்ணாடி சுத்தம், கருவி தயார், கட்டளை என் கணினியில். நடுவில் நிற்பது ஆடி ஒன்றுதான்.

இயக்குநர் அறைக்கு ஓடினோம். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னோம்.

"ஆடியிலயா?" என்றார் இயக்குநர். "நீங்கதானேம்மா கூடாதுன்னு சொன்னேள்!"

"சார், அது வந்து... இது ரொம்ப அபூர்வமான கருந்துளை சார்."

"மொதல்மொதலா கண்ணைத் தொறந்து கருந்துளையையா பாக்கறது? அதுவும் ஆடியில? வேண்டவே வேண்டாம். நல்ல நட்சத்திரமா ஒண்ணு பாருங்கோ, ஆவணியில. மந்திரிக்கு நாள் குறிச்சுக் குடுத்தாச்சு. ஆத்துல கேட்டா என்னை உள்ளேயே விடமாட்டா."

மேடம் வாதாடினார். கெஞ்சினார். கடைசியில் குரல் உடைந்தேபோய்விட்டது. இயக்குநர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ஆவணி, ஆவணி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நாமே வைத்த பூட்டு, சாவி நம்மிடம் இல்லை.

பாய்தான் முதலில் நிமிர்ந்தார். "மேடம், ஒரு ரூட்டு கீது. எதுத்தவூட்டு அக்கா நேத்து எங்க வூட்டாண்ட சொல்லிக்கினு இருந்தாங்க. நாளன்னிக்குப் பதினெட்டாம் பெருக்காம். அன்னிக்கு எது தொடங்கினாலும் பெருகுமாம். ஆடியிலயே அந்த ஒரு நாளுக்கு மட்டும் விதிவிலக்காம். அதைச் சொல்லுவோம். டைரக்டரு ஒடனே சரின்னுருவாரு."

நான் துள்ளி எழுந்தேன். ஆடிப்பெருக்கு! அப்பா கேட்டால் என்னை வீட்டைவிட்டே துரத்துவார், ஆனால் அந்த நேரத்தில் பதினெட்டாம் பெருக்கைவிடப் பெரிய அறிவியல் எனக்குத் தெரியவில்லை. "வாங்க மேடம், போய்ச் சொல்லிடலாம். ஒரே வார்த்தை. புதன்கிழமை கதவு திறந்துடும்."

மேடம் எழுந்திருக்கவில்லை.

"வேணாம்" என்றார்.

"மேடம்! கும்பகர்ணன்!"

"தெரியும்டி. யாரைவிடவும் எனக்குத் தெரியும்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆவி இருந்தப்ப ஆடின்னு சொன்னேன். ஆவி போயிடுச்சு, ஆடி போகமாட்டேங்குது. இப்பப் பெருக்குன்னு சொன்னா நாளன்னிக்குத் திறப்பாங்க, நானும் பார்ப்பேன். சரி. இன்னொரு நாள் மானி வேணாம்னு சொல்லும், அன்னைக்கு நல்ல முகூர்த்தம்னு அவர் வந்து நிப்பாரு. அப்ப என்ன சொல்றது? பாயை மானி பாக்கச் சொல்றதா, பஞ்சாங்கம் பாக்கச் சொல்றதா?"

"உண்மையைச் சொன்னா அவர் கோவத்துல ஆவணியும் கிடையாதும்பாரு. உங்களுக்கு எல்லாமே போயிடும்."

"போகலாம்" என்றார். எழுந்து மறுபடி இயக்குநர் அறைக்கு நடந்தும்விட்டார். நாங்களும் பின்னாலேயே போனோம். போகிற வழியில் பாய் ஏதோ ஓதிக்கொண்டு வந்தார். நான் எதையும் ஓதத் தெரியாமல் வளர்ந்ததற்கு அன்றைக்குத்தான் வருத்தப்பட்டேன்.

"சார்" என்றார் மேடம், உட்காராமலே. "ஆடியைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. உங்க மேஜைமேல இருந்த புடவை விளம்பரத்தைப் பார்த்துச் சொன்னேன். ஆவி அடங்கலைங்கறதுதான் காரணம். நீங்க கேக்கமாட்டீங்கன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அது தப்பு. இப்ப ஆவி அடங்கிடுச்சு, திறக்கலாம். என்மேல கோவம் இருந்தா என்னை மாத்திடுங்க. கதவை மட்டும் திறந்துடுங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். திரும்பக் கழற்றினார்.

"ஏம்மா, நான் இந்த வேலையில சேந்ததே ஒரு ஆடியிலதான்" என்றார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்க போட்ட மொத படத்துலயே எனக்குப் புரிஞ்சுடுத்து. நானும் பிசிக்ஸ்தானே படிச்சேன்? ஆனா மந்திரி ஆபீஸ்ல போய்ப் பசை ஆவி விடறதுன்னு சொன்னா என்ன நினைச்சுப்பா? எப்படித் தப்பிக்கறதுன்னு மண்டையைப் பிச்சுண்டிருந்தேன். அப்போ நீங்க ஆடின்னேள். பகவானே வந்து சொன்னாப்பல பிடிச்சுண்டேன். இப்போ ஆடின்னு அவாகிட்டச் சொல்லி நாளும் குறிச்சாச்சு. நடுவுல தொறந்துட்டேன்னு எந்த மூஞ்சியோட போய்ச் சொல்லறது?"

"அப்ப காலையில, மொதல்மொதலா கருந்துளையையா பாக்கறதுன்னு...?" என்று இழுத்தேன்.

"பின்னே வேற என்னத்தைச் சொல்ல?" என்றார் பாவமாக. என்ன நடிப்பு!

மேடம் மேஜைமேல் இருந்த போனை அவர் பக்கம் நகர்த்தினார். "பேசிப் பாருங்க சார். நான் பேசிட்டேன்ல?"

இயக்குநர் அமைச்சரின் உதவியாளரைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டார், தனியாக மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. தயங்கித் தயங்கி, ஆவி, கருந்துளை, நாளைக்கே திறக்க வேண்டிய அவசியம் எல்லாவற்றையும் சொல்லிமுடித்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு.

"சார், ஆடி எல்லாம் எங்களுக்கு ஏது சார்? எங்க அமைச்சர் கல்யாணமே ராகு காலத்துலதான் நடந்துது. நீங்க ஆடின்னு சொன்னீங்க, நீங்க பெரியவர், உங்க மனசு நோகவேணாம்னு அமைச்சர்தான் விட்டுக்கொடுக்கச் சொன்னாரு. நீங்க தாராளமா திறங்க. அவரு ஆவணியில வந்து பொத்தானை அமுக்கிக்குவாரு."

போன் வைத்த சத்தம் கேட்டது. நாங்கள் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"அப்போ, ஆடிய நம்பி நின்னது யாரு சார்?" என்றார் பாய்.

யாருமே இல்லை. இந்த மொத்த விவகாரத்திலும் ஆடியை நம்பியவர் அந்த ஜவுளிக்கடை முதலாளி ஒருவர்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, பிற்பகல். செயற்கைக்கோள் தரைநிலையத்தின் தலைக்குமேல் வரும் நேரம் என்னவோ அதுதான் நேரம். அது சரியாக ராகு காலமும்கூட என்று இயக்குநரே என் காதில் சொன்னார். கட்டளை போனது. கதவு திறந்தது என்று ஒற்றை வரி வந்தது. நான் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

தொலைநோக்கியைக் கும்பகர்ணன் பக்கம் திருப்பி, அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தோம். முதல் தரவு வந்தபோது மேடம் திரைக்கு அருகில் போகவில்லை. பின்சுவரோரம் ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எக்ஸ்ரே ஒவ்வொரு துணுக்காகத்தான் வரும், மழைக்கு முன் விழும் தூற்றலைப்போல. ஒன்று விழுந்தது. இன்னொன்று. அப்புறம் நிற்காமல் விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் கோடு ஏறியது.

"முழிச்சுட்டான்" என்றார் மேடம். அதற்குமேல் பேச முடியாமல் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். பாய் எந்தத் தேவையும் இல்லாமல் மானியை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். இயக்குநர் மூக்கைச் சிந்தினார். நான் அழவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஆவணியில் அமைச்சர் வந்தார். பெரிய மேடம் மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். எந்தப் புடவை என்று நான் சொல்லத் தேவையில்லை. தள்ளுபடியில்தான் வாங்கினாராம். அமைச்சர் பொத்தானை அமுக்கினார், பச்சை விளக்கு எரிந்தது, எல்லாரும் கைதட்டினோம். தட்டி முடிந்ததும் அவர் மேடம் பக்கம் குனிந்து, "அம்மா, இந்தப் பொத்தான் எதோடயும் இணைச்சு இல்லைல்ல?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றார் மேடம். "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, புகைப்படக்காரர்களுக்காக இன்னொருமுறை அமுக்கினார்.

அந்த ஆடி எங்கள் கண்ணாடியைக் காப்பாற்றியதா என்றால், காப்பாற்றியது. அதை மறைக்க மாட்டேன். அதே ஆடிதான் பிறகு எங்கள் கழுத்தையும் பிடித்தது. மேலே இருக்கிறவருக்கு இதுதான் புரியும் என்று நாங்கள் நினைத்தோம், அவர் தனக்கு மேலே இருப்பவரைப் பற்றி அப்படியே நினைத்தார். ஒருவர்கூடப் போய் நேரே கேட்கவில்லை. கேட்டவர் பெரிய மேடம் ஒருவர்தான். அதுவும், கேட்டால் எல்லாமே போய்விடலாம் என்று தெரிந்தபின் கேட்டார்.

கும்பகர்ணன் கொஞ்ச நாளிலேயே திரும்பப் படுத்துவிட்டான். அடுத்து எழும்போது மேடம் இருக்கமாட்டார். நானும் இருக்கமாட்டேன். நீங்கள் இருப்பீர்கள், உங்களுக்கும் மேலே ஒருவர் உட்கார்ந்திருப்பார். கதவு ஏன் மூடியிருக்கிறதோ அதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நாற்பத்தொன்றாவது படத்தையும் போடுங்கள்.

அப்புறம், அந்தச் சிவப்புப் பொத்தான் உங்கள் சாமான் அறையில் மேல்தட்டில் இன்னும் இருக்கிறது, போன வாரம்கூடப் பார்த்தேன். யாராவது பெரிய மனிதர் வந்தால் தூசி தட்டி எடுத்து வையுங்கள். அதை அமுக்க எல்லா நாளும் நல்ல நாள்தான்.